முழுநேர ஆய்வாளராகச் சேர்ந்த பின்: முதல் இரண்டு ஆண்டுகளைக் கடக்கும் வழி

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ததும் எல்லாரும் தலைப்பைப் பற்றித்தான் கேட்பார்கள். உதவித்தொகை எந்தக் கணக்குக்கு வரும், வராத மாதம் மெஸ் பில்லை எதைக் கொண்டு கட்டுவது, நெறியாளர் வாய்மொழியாகச் சொன்னதை எப்படிப் பதிவு செய்வது என்று கேட்பவர் குறைவு. நல்ல தலைப்பும் உழைப்பும் உள்ளவர்கள் மூன்றாம் ஆண்டில் தடுமாறி நிற்பது பல நேரம் இந்தச் சில்லறை விஷயங்களால்தான். இவை எல்லாமே முன்கூட்டி ஒழுங்கு செய்யக்கூடியவை. இங்கே சொல்லப்படுவது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்திலோ கல்லூரி ஆய்வுத் துறையிலோ முழுநேரமாகச் சேர்ந்தவர்களுக்கானது. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றவர்களை முன்வைத்தே பணக் கணக்கு போடப்பட்டுள்ளது. மற்றவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வாரம்: பெயரைச் சரிசெய்யுங்கள்

நம் ஊர் இனிஷியல் வழக்கம் கணினிக்குப் பிடிபடாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கவிதா செ’, ஆதாரில் ‘கவிதா செல்வராஜ்’, வங்கியில் ‘செ கவிதா’ என்று இருந்தால் மூன்றும் ஒருவரே என்பது மனிதருக்குத் தெரியும். உதவித்தொகை இணையதளத்துக்குத் தெரியாது. விண்ணப்பம் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று திரும்பும். அது திரும்பிய செய்தியே பல நாள் கழித்துத்தான் உங்களுக்கு வரும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள வடிவத்தை அடிப்படையாக வைத்துக்கொள்வது நல்லது. நெட் விருதுக் கடிதம், பல்கலைப் பதிவு ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம், பான் அட்டை ஆகிய ஐந்தையும் மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இடைவெளி, புள்ளி, இனிஷியல் முன்னா பின்னா என்பது வரை பாருங்கள். வங்கியில் மாற்றுவது எளிது, முதலில் அதைச் செய்யுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், எந்த வடிவம் என்று முடிவான பிறகே அதில் கை வையுங்கள்.

இதே வாரத்தில் கட்டுரைகளில் போடப்போகும் பெயரையும் தீர்மானித்து, ஆய்வாளர்களுக்குத் தனி அடையாள எண் தரும் ஆர்கிட் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கிவிடுங்கள். ஒரு கட்டுரையில் அப்பா பெயர் விரிவாக, இன்னொன்றில் இனிஷியல் மட்டும் என்று வந்தால், பின்னாளில் தேடுபவர்களுக்கு நீங்கள் இரண்டு ஆட்களாகத் தெரிவீர்கள்.

பணம் வரும் வழி

2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உயர்வின்படி ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இது. அடுத்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) நிலைக்கு மாறினால் 42,000. மொத்தம் ஐந்து ஆண்டுகள். இந்தத் தொகை மாதாமாதம் தானாக வந்துவிடாது. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஃபெல்லோஷிப்பில் பல்கலைக்கழகத்தில் ஒருவர் உங்கள் விவரத்தை இணையதளத்தில் ஏற்றுவார், இன்னொருவர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருவார். அதன் பிறகும் ஒவ்வொரு மாதமும் ‘இவர் தொடர்கிறார்’ என்ற உறுதிப்பாடு போக வேண்டும். அந்த இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் உங்கள் பணம் நிற்கும். ஆகவே:

1. சேர்ந்த அன்றே ஜாயினிங் ரிப்போர்ட்டில் நெறியாளர், துறைத்தலைவர் கையெழுத்து வாங்குங்கள். பதிவாளர் அலுவலகத்தில் அதைக் கொடுக்கும்போது இரண்டாம் பிரதியில் தேதி முத்திரை போட்டுத் திரும்பப் பெறுங்கள்.

2. இணையதளத்தில் ஏற்றுபவர் யார், ஒப்புதல் தருபவர் யார், மாதத்தில் எந்தத் தேதிக்குள் வருகைச் சான்று கொடுக்க வேண்டும் என்ற மூன்றையும் நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சீனியர் ஒருவரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

3. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். ஆதார் எண்ணைப் பல கணக்குகளில் கொடுத்திருந்தாலும், நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஒரே ஒரு வங்கிதான் இணைந்திருக்கும். கல்லூரிக் காலத்தில் திறந்து மறந்துபோன கணக்காக அது இருந்தால் பணம் அங்கேதான் போகும். அதைத் தேடி ஓடும் ஆய்வாளர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. வேண்டிய வங்கிக் கிளைக்குப் போய் ‘ஆதார் சீடிங்’ படிவம் கொடுத்தால் மாறிவிடும்.

4. சேர்ந்த தேதி, சான்று கொடுத்த தேதி, பணம் வந்த தேதி, எந்த மாதத்துக்கு என்று நான்கு கட்டம் போட்டு ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். அரியர்ஸ் மொத்தமாக வரும்போது எந்த மாதம் விடுபட்டது என்று சொல்ல இந்தத் தாள் ஒன்றுதான் துணை.

உதவித்தொகையோடு சேர்த்துக் கேட்கக்கூடிய வீட்டு வாடகைப்படி ஊரின் வகையைப் பொறுத்தது. சென்னை முதல் வகை. கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு இரண்டாம் வகை. மற்றவை மூன்றாவது. இதில் ஒரு பொறி இருக்கிறது. பல்கலைக்கழகம் விடுதி அறை தந்து நீங்கள் வேண்டாம் என்று சொன்னால், வாடகைப்படி கேட்கும் உரிமையும் போய்விடும். அறை இல்லை என்று விடுதிக் காப்பாளர் எழுத்தில் தந்தால்தான் வெளியே வீடெடுத்து வாடகைப்படி கேட்கலாம். விடுதியில் இருப்பவர் விடுதிக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம், ஆனால் மெஸ், மின்சாரம், தண்ணீர்க் கட்டணம் அதில் சேராது.

முதல் தொகை வர மாதங்கள் ஆகும் என்று வைத்தே திட்டமிடுங்கள். இது நியாயமில்லாத நிலைமை. கடன் வாங்கி ஆராய்ச்சி செய்ய யாரையும் தள்ளக்கூடாது. ஆனாலும் அதைச் சந்தித்தாக வேண்டும். மாதச் செலவு 20,000 என்றால் நான்கு மாதத்துக்கு 80,000 கையிருப்பு வேண்டும். சேரும்போது அது இல்லாதவர்கள் முதல் அரியர்ஸ் வந்ததும் அதை மூன்றாகப் பிரியுங்கள். முதலில் கைமாற்று வாங்கியதைத் திருப்புங்கள், அடுத்து அந்த நான்கு மாதக் கையிருப்பை நிரப்புங்கள், மிச்சம் இருந்தால் வீட்டுக்கு அனுப்புங்கள். வீட்டில் தேவை இருக்கும்போது வரிசையை மாற்றத்தான் மனம் வரும். கையிருப்பு இல்லாமல் அனுப்பிவிட்டு அடுத்த தடங்கலில் வட்டிக்கு வாங்குவது வீட்டுக்கும் சேர்த்துப் பாரம் என்பதைப் பெற்றோரிடம் சேர்ந்த உடனேயே பேசிவிடுங்கள். ‘மாசம் 37,000 வருது’ என்று மட்டும் சொல்லாமல், ‘சேர்ந்து சேர்ந்துதான் வரும்’ என்பதையும் சொல்லுங்கள். அரியர்ஸை நம்பி மாதத் தவணையில் வண்டியோ போனோ எடுக்க வேண்டாம்.

உதவித்தொகை இல்லாதவர்கள் சேர்ந்த மாதத்திலேயே துறை அலுவலகத்தில் பட்டியல் கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த ஃபெல்லோஷிப், தமிழக அரசு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை முழுநேர ஆய்வாளர்களுக்குத் தரும் ஊக்கத்தொகை, பட்டியலினத்தவருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் உள்ள தேசிய ஃபெல்லோஷிப்புகள் என்று சில வழிகள் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு ஃபெல்லோஷிப் வாங்கக்கூடாது. வாங்கியது தெரிந்தால் முழுத் தொகையையும் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

கன்டிஞ்சென்சி பில்கள்

ஆய்வின் சில்லறைச் செலவுகளுக்கு யு.ஜி.சி. தரும் கன்டிஞ்சென்சி, கலைப் பிரிவுக்கு முதல் இரண்டு ஆண்டும் ஆண்டுக்கு 10,000 ரூபாய், பிறகு 20,500. அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000. புத்தகம், வேதிப்பொருள், களப்பணிப் பயணம், தட்டச்சு, நகல் ஆகியவற்றுக்கு ஆகும். மேசை நாற்காலிக்கு ஆகாது. பில்லில் உங்கள் பெயர், தேதி, கடை முத்திரை இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே நகல் எடுத்து இரண்டையும் சேர்த்துக் குத்தி வையுங்கள். நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் பிப்ரவரி நடுவிலேயே கொடுத்துவிடுவது நல்லது. மார்ச் கடைசி வாரம் கணக்குப் பிரிவில் உங்கள் கோப்பைத் திறக்கக்கூட யாருக்கும் நேரம் இருக்காது.

நெறியாளருடன் வேலை செய்வது

மற்ற எல்லாவற்றையும் விட அதிக கவனம் தேவைப்படும் இடம் இது. யு.ஜி.சி. 2022 விதிகளின்படி பேராசிரியர் ஒருவர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் வழிகாட்டலாம். வகுப்பு, தேர்வுத்தாள், கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் கமிட்டிக்கான வேலை எல்லாம் அவர் தலையில் இருக்கும்போது உங்கள் இயல் அவர் நினைவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நினைவூட்டும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், நிலையான நேரம் கேளுங்கள். வாரம் கிடைக்காவிட்டால் இரு வாரத்துக்கு ஒரு முறை. முந்தைய நாள் மாலை ஒரே பக்கம் அனுப்புங்கள். அதில் என்ன முடிந்தது, எங்கே நிற்கிறது, அவர் முடிவு சொல்ல வேண்டியவை எவை என்று மட்டும் இருக்கட்டும். முடிவு கேட்பவை மூன்றுக்கு மேல் வேண்டாம். ‘எப்படி இருக்குன்னு பாருங்க’ என்று 80 பக்கம் அனுப்பினால் அது படிக்கப்படாமல் கிடக்கும். 15 முதல் 20 பக்கம் அனுப்பி, எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்:

‘வணக்கம் ஐயா. இரண்டாம் இயலின் முதல் 18 பக்கங்களை இணைத்துள்ளேன். 7 முதல் 11ஆம் பக்கம் வரை தரவுகளைப் பகுத்திருக்கும் முறை சரிதானா என்பதே என் ஐயம். அதை மட்டும் பார்த்துச் சொன்னால் மேலே எழுதுவேன். புதன்கிழமை 11 மணிக்கு அறைக்கு வரட்டுமா?’

பத்து நாள் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலுக்குக் கீழே ஒரு வரி நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அச்செடுத்த பிரதியோடு நேரில் போங்கள். திரையில் படிக்காத பல பேராசிரியர்கள் தாளில் கொடுத்தால் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

சந்திப்பு முடிந்த அன்றிரவே, பேசியதை நான்கைந்து வரியில் எழுதி அனுப்புங்கள். ‘இன்று நான் புரிந்துகொண்டது இது, தவறு இருந்தால் திருத்துங்கள் ஐயா’ என்று முடிக்கலாம். இது அவரை நம்பாததால் செய்வதில்லை. வாய்மொழியாக ‘அந்த இயல் வேண்டாம்’ என்று சொன்னவர் ஆறு மாதம் கழித்து ‘அந்த இயல் எங்கே?’ என்று கேட்பது நடக்கும். அப்போது இருவருக்கும் பொதுவாக ஒரு பதிவு இருந்தால் மனத்தாங்கல் வராது. கட்டுரை எழுதும்போது யார் பெயர் முதலில் வரும் என்பதையும் எழுதத் தொடங்கும் முன்பே இப்படிப் பேசி எழுதிவிடுங்கள்.

அடுத்து, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத வேலைகள். துறை வேலை வேறு, வீட்டு வேலை வேறு. கருத்தரங்க ஏற்பாடு, ஆய்வகப் பயிற்சிக்கு உதவுவது எல்லாம் துறையில் இருப்பவர் பகிர்ந்து செய்ய வேண்டியவை. 2022 விதிகள்கூட ஆய்வாளருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி தரலாம் என்கின்றன. அந்த அளவைத் தாண்டி முழுத் தாளுக்கும் வகுப்பெடுக்கச் சொன்னால் இந்த எண்ணைக் காட்டிப் பணிவாகக் கேட்கலாம். நெறியாளரின் வங்கி வேலை, பிள்ளையைப் பள்ளியில் விடும் வேலை எல்லாம் யாருடைய கடமையும் இல்லை. முதல் முறையே முகத்தில் அடித்தாற்போல மறுப்பது பலருக்கு முடியாது. முன்பே குறித்த ஆய்வு வேலை ஒன்றை, உதாரணமாக டி.சி. எனப்படும் ஆலோசனைக் குழுவுக்கான அறிக்கையைச் சொல்லி நகர்வது எளிது: ‘ஐயா, வெள்ளிக்கிழமை டி.சி. ரிப்போர்ட் கொடுக்கணும். இன்னைக்கு அதைத்தான் எழுதிட்டு இருக்கேன்.’ இதையே மாறாமல் சொல்லி வந்தால் கேட்பது பெரும்பாலும் குறையும்.

குறையாமல், மிரட்டலாகவோ கையெழுத்தை நிறுத்திவைப்பதாகவோ மாறினால், தேதி, நேரம், சொன்ன சொல், உடனிருந்தவர் என்று குறித்து வாருங்கள். முதலில் ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒருவரிடம் தனியே பேசுங்கள். பிறகு துறைத்தலைவர். அதற்கு மேல், யு.ஜி.சி. 2023 விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழுவும், அதற்கு மேல்முறையீடு கேட்க ஆம்பட்ஸ்பெர்சன் எனப்படும் குறைகேள் அதிகாரியும் இருக்க வேண்டும். பாலியல் தொல்லை என்றால் இந்த வரிசைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நேரே உள் புகார்க் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2013 சட்டம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். நெறியாளரை மாற்றிக்கொள்வதும் விதிப்படி நடக்கிற விஷயம்தான், அதைக் கேட்பதால் உங்கள் ஆய்வு கெட்டுவிடாது. முதல் ஆண்டில் மாற்றினால் இழப்பு குறைவு.

கோர்ஸ் ஒர்க்கும் அரையாண்டுக் கூட்டமும்

கோர்ஸ் ஒர்க், அதாவது ஆய்வாளர் எழுத வேண்டிய பாடத் தாள்கள், குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு நெறிமுறைத் தாள் கட்டாயம். 55 விழுக்காடு எடுக்காமல் ஆய்வைத் தொடர முடியாது. இதில் பெரிய சிக்கல் எதுவும் வராது, எழுதி முடித்துவிடுங்கள்.

டி.சி. என்று வழக்கில் சொல்லும் ஆலோசனைக் குழுவின் முன் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு முறை நிற்க வேண்டும். உறுப்பினர் மூவரின் தேதியும் ஒத்துவருவதுதான் பெரும்பாடு. ஆறு வாரம் முன்னதாகவே மூன்று தேதிகளைச் சொல்லிக் கேளுங்கள். பத்து ஸ்லைடு போதும், அதில் முதலாவது ‘சென்ற கூட்டத்தில் சொன்னவை, அவற்றுக்கு நான் செய்தவை’ என்று இருக்கட்டும். கூட்டம் முடிந்து உறுப்பினர்கள் எழுந்து போகும் முன் நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்த உறுப்பினர் ரயிலேறிய பின் அந்தக் கையெழுத்துக்கு இரண்டு வாரம் அலைய வேண்டியிருக்கும்.

கோப்பும் எழுத்துருவும்

தமிழில் ஆய்வேடு எழுதுபவர்கள் முதல் நாளிலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தமிழ் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது வேறு எழுத்துக் குறியீடுகள். ஆய்வேடு சோத்கங்கா களஞ்சியத்தில் ஏறிய பின் அதில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. பிறர் எழுத்தோடு ஒப்புமை உள்ளதா என்று சோதிக்கும் மென்பொருளும் தடுமாறும். டைப்பிங் சென்டரில் கொடுப்பதானால் ‘யூனிகோடு’ என்று சொல்லி, முதல் இரண்டு பக்கத்தை வேர்டு கோப்பாக வாங்கி உங்கள் போனில் திறந்து பாருங்கள். போனில் சரியாகத் தெரிந்தால் யூனிகோடுதான் என்று பெரும்பாலும் நம்பலாம்.

மேற்கோள் விவரங்களைச் சேர்த்துவைக்க ஜோட்டேரோ என்ற மென்பொருள் இலவசம். ஒரு நூலைக் கையில் எடுத்தவுடன் ஆசிரியர், பதிப்பு, ஆண்டு, பதிப்பகம், பக்கம் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள். ரோஜா முத்தையா நூலகத்திலோ தஞ்சை சரஸ்வதி மகாலிலோ பார்த்த நூலுக்குப் பக்க எண் குறிக்காமல் வந்துவிட்டால் அந்த ஒரு எண்ணுக்காக மறுபடி பேருந்து ஏற வேண்டியதுதான். படம் எடுக்க அனுமதி உண்டென்றால் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் முதலில் எடுங்கள்.

கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போடுங்கள், தானாக வரிசைப்படும். ‘இறுதி’, ‘இறுதியோ இறுதி’ என்று பெயரிட்டால் ஆறு மாதத்தில் எது புதியதென்று தெரியாது. மடிக்கணினியில் ஒன்று, வெளிவட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என மூன்று பிரதி எப்போதும் இருக்க வேண்டும். வெளிவட்டை மடிக்கணினிப் பையிலேயே வைத்தால் பை போகும்போது இரண்டும் போகும்.

ஒப்புமை அளவைப் பற்றிய பயம் அதிகம், தெளிவு குறைவு. யு.ஜி.சி. 2018 விதிப்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை போனால் ஓராண்டு சமர்ப்பிக்கத் தடை. 60 தாண்டினால் பதிவே ரத்து. முறையாகக் குறிப்பிட்ட மேற்கோளும் நூற்பட்டியலும் இந்தக் கணக்கில் வராது. உங்கள் பல்கலைக்கழகம் இதைவிடக் கடுமையாக வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

‘மூன்று நாளில் பிரசுரம்’ செய்திகள்

வாட்ஸாப் குழுக்களில் வரும் இந்த அழைப்புகளைத் தொடவே வேண்டாம். ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் குறித்த யு.ஜி.சி. கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்ட பிறகு இதழை எடைபோடும் பொறுப்பு உங்களிடமும் உங்கள் பல்கலையிடமும்தான் உள்ளது. நல்ல இதழ்களின் பெயரிலேயே போலித் தளம் நடத்துபவர்கள் உண்டு. அதனால் இதழைக் கூகுளில் தேடிப் போகாமல், ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளத்தில் உள்ள இணைப்பின் வழியே போங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் பல்கலைப் பக்கத்தைத் திறந்து, அந்த இதழ் அங்கே குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். கட்டுரை ஆய்வேட்டுக்குக் கட்டாயம் என்பதை யு.ஜி.சி. 2022இல் எடுத்துவிட்டது, பல பல்கலைகள் வைத்திருக்கின்றன. உங்களுடையது எந்த ரகம் என்று பதிவு ஆணையோடு வந்த விதிமுறைகளில் பார்த்துவிட்டால் வீண் அவசரம் குறையும்.

நாளும் விடுப்பும்

எழுதும் வேலைக்குக் காலையில் ஒன்றரை மணி நேரம், ஆய்வகமோ நூலகமோ திறப்பதற்கு முன். அந்த நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். யு.ஜி.சி. ஃபெல்லோஷிப்பில் அரசு விடுமுறை நீங்கலாக ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு. கோடை விடுமுறை ஆய்வாளருக்குக் கிடையாது. பலர் இந்த 30 நாளையும் கேட்கக் கூசி எடுக்காமலே விடுகிறார்கள். எடுங்கள், அது உங்களுடையது. பெண்களுக்கு ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. உச்ச காலக்கெடுவான ஆறு ஆண்டுக்கு மேல் எல்லாருக்கும் இரண்டு ஆண்டு நீட்டிப்புக்கு வழியிருக்கிறது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு.

தூக்கம் கெட்டு, இரண்டு வாரமாகக் கோப்பைத் திறக்கவே மனம் வராமல் போனால் அதைச் சோம்பல் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி (டெலி மானஸ்) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. துறையில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.

எஸ்.ஆர்.எஃப். மாற்றம்

இரண்டு ஆண்டு முடியும் நாளுக்கு மூன்று மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். வெளி வல்லுநர் ஒருவரும் இருக்கும் மூவர் குழு உங்கள் வேலையை மதிப்பிட்டுப் பரிந்துரைக்க வேண்டும். அந்த வல்லுநரின் பெயருக்கு ஒப்புதல் வாங்குவதில்தான் தாமதம் ஆகும். இதுவரையிலான டி.சி. குறிப்புகள், கோர்ஸ் ஒர்க் மதிப்பெண், கட்டுரை இருந்தால் அதன் பிரதி, பத்துப் பக்க முன்னேற்ற அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் பரிந்துரை இணையதளத்தில் ஏறியதா என்று அடுத்த வாரமே பாருங்கள். ஏறாதவரை பழைய 37,000தான் வரும். எந்தத் தேதியிலிருந்து எஸ்.ஆர்.எஃப். என்பது குழுவின் குறிப்பில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால், மாதம் 5,000 வீதம் உள்ள வித்தியாசத்தைப் பின்னால் கேட்டு வாங்க அதுவே ஆதாரம்.